அத்திமரத் தெருக் கேணி

பொடி போட்ட மூன்றாம் நாள் விடியும்போதே அத்திமரத் தெருவில் முதல் சாவு விழுந்துவிட்டது. கொக்கிரகுளத்தில் தன் வீட்டு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்த குற்றாலலிங்கம் பிள்ளையிடம் அதை வந்து சொன்னவன் அசன் மைதீன். மேலப்பாளையத்தில் அந்த அத்திமரத் தெருவிலேயே தறி போட்டிருப்பவன். ஓடியே வந்திருந்தான்.

"உதுமான் போயிட்டான்வே. ராத்திரி பூரா வயித்தால போச்சு. பாங்கு சொல்லுத நேரத்துக்குக் கண்ணு செருகிட்டு."

"வாந்திபேதியா?"

"பின்ன என்ன, கல்யாண விருந்து சாப்பிட்டா செத்தான்? உம்ம பொடியைப் போட்ட தண்ணியைத்தான் குடிச்சான். எங்க தெருவுல வேற கேணி ஏது?"

குற்றாலலிங்கம் வாயைக் கொப்பளிக்க மறந்து நின்றார். அந்தக் கேணியிலிருந்து நோய் வராது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவர் அவர்தான். நாற்பது வீடு அதை நம்பிக் குடித்திருந்தது.

அவருக்கு அப்போது நாற்பத்தேழு வயது. சென்னையில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கினார். சர்க்கார் உத்தியோகம் வந்தது, போகவில்லை. ஊருக்குத் திரும்பி, மேலப்பாளையத்தை ஒட்டி வாய்க்கால் கரையில் ஒரு கொட்டகை போட்டார். நெசவு நூலை வெளுக்கும் பொடி சீமையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதை இங்கேயே செய்துவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். உப்பையும் மாங்கனீசுக் கல்லையும் கந்தகத் திராவகத்தில் காய்ச்சினால் பச்சை வாயு கிளம்பும். அந்த வாயுவை நீற்றின சுண்ணாம்பு குடித்துக்கொண்டால் வெளுப்புப் பொடி. இங்கிலாந்தில் இதற்கு ஈயத்தகடு அடித்த பெரிய அறைகள் கட்டினார்கள். அவ்வளவு ஈயத்துக்கு அவர் எங்கே போவார்? கிணற்றுக்கு இறக்குகிற சுட்ட மண் உறைகளை வாங்கி, பன்னிரண்டு உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். நடுநடுவே துளை போட்ட மண் தட்டு வைத்து, அதில் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பரப்பினார். மூட்டுகளைக் குங்கிலியம் காய்ச்சிப் பூசி அடைத்தார். அடியில் வாயுவை விட்டார். முதல் இரண்டு வருஷம் உறை வெடித்தது, மூட்டு கசிந்தது, கூலிக்கு வந்தவர்கள் இருமிக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் வருஷம் பொடி கிடைத்தது. அந்த உறை அடுக்கு அவருடைய கண்டுபிடிப்பு என்று கல்கத்தாவிலிருந்து முத்திரை போட்ட காகிதம் வந்தது. அதற்குள் அவர் மூக்கு செத்துப்போயிருந்தது. மல்லிகையும் கருவாடும் அவருக்கு ஒன்றுதான்.

1904இல் மனைவி கோமு வாந்திபேதியில் போனாள். ஒரே பகலில் முடிந்துவிட்டது. அன்றைக்குக் கொட்டகையில் நாற்பது ஜாடிப் பொடி இருந்தது. அந்தப் பொடியைக் குடிதண்ணீரில் சொற்பம் கலந்தால் நோய்க்கிருமி சாகும் என்று சீமைச் சஞ்சிகை ஒன்றில் அவர் படித்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. படித்த அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேசவும் இல்லை.

இப்போது 1915. ஐரோப்பாவில் சண்டை. கந்தகத் திராவகம் வருவது நின்று, மாசி மாதமே கொட்டகையைப் பூட்டிவிட்டார். மிச்சமிருந்த மூன்று ஜாடிப் பொடி வீட்டுப் பின்னறைக்கு வந்தது. பங்குனிக் கடைசியில் மேலப்பாளையத்தில் இரண்டு தெருவில் பேதி கண்டது. கிணறுகளில் கிருமி சாகச் சர்க்கார் ஆட்கள் போடும் ஊதாப் பொடி ஜெர்மனிச் சரக்கு. அதுவும் தீர்ந்திருந்தது. அத்திமரத் தெருவுக்கு நோய் இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்னால் அந்தக் கேணியைப் பிடித்துவிட வேண்டும் என்று குற்றாலலிங்கம் தெருப் பெரியவர் காஜா முகைதீனிடம் போய் நின்றார். கோமுவுக்குச் செய்யாமல் விட்டதை இந்த ஒரு தெருவுக்காவது செய்துவிட வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

காஜா முகைதீனுக்கு அறுபது தாண்டிவிட்டது. பதினாறு வருஷமாக அவருடைய நூலை வெளுத்துக் கொடுத்தது குற்றாலலிங்கத்தின் பொடி. அந்தப் பழக்கத்தில்தான் கேட்டுக்கொண்டார். தெரு அப்படிக் கேட்கவில்லை. ஜாடியோடு கேணிக்கு வந்தபோது ஆண்கள் எல்லாம் கூடியிருந்தார்கள்.

"என்ன பிள்ளைவாள், கேணியை வெளுக்கப் போறீராமே?" என்று அசன் மைதீன் ஆரம்பித்தான். "வெளுத்து எந்தக் கொடியில காயப்போடுவீரு?"

சிரிப்பு எழுந்தது. குற்றாலலிங்கமும் கொஞ்சம் சிரித்தார்.

"சும்மா கெடலே" என்றார் காஜா முகைதீன். "நூலு வெளுக்கும்போது வாய் பொத்திட்டு இருந்தேல்லா."

"நூலை நான் குடிக்கலையே மாமா."

"தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிச்சாலும் போதும்" என்றார் குற்றாலலிங்கம். "செய்வீங்களா?"

"வெறகு நீரு தருவீரா?" என்றான் அசன் மைதீன். "சித்திரை வெயில்ல வெந்நியைக் குடிச்சா தாகம் அடங்குமாவே?"

குற்றாலலிங்கம் கயிறு விட்டு ஆழம் பார்த்து, கணக்குப் போட்டு, பொடியைக் கரைத்து ஊற்றினார். ஒரு மணி நேரம் காத்திருந்து ஒரு வாளி இறைத்து முதலில் தானே குடித்தார். அப்புறமும் யாரும் கை நீட்டவில்லை. கேணியை ஒட்டியிருந்த வீட்டுப் பக்கக் கதவு திறந்தது. காஜா முகைதீனின் மனைவி, பாத்து என்று பெயர், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு செம்பை வெளியே நீட்டினாள்.

"இங்கன ஊத்துங்க. எல்லாம் ஆம்பிளைன்னு சொல்லிட்டு நிக்கிதீங்க."

வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். அதற்குப் பிறகுதான் குடங்கள் வந்தன.

"நான்கூடப் பயந்தேன், கொட்டகைப் பக்கம் அடிக்குமே அந்த நாத்தம் அடிக்குமோன்னு" என்றார் காஜா முகைதீன். "ஒரு வாடையும் இல்லையே பிள்ளைவாள்."

கேணி ஆழம், பொடி சொற்பம், அதனால் இருக்கும் என்று குற்றாலலிங்கம் நினைத்துக்கொண்டார். அவர் மோந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. சோதனை செய்து பார்க்க அயோடின் உப்பு வீட்டு அலமாரியில் இருந்தது. தன் கையால் செய்த பொடிக்கு எதற்குச் சோதனை என்று அவர் அதை எடுத்து வரவில்லை.

இதெல்லாம் மூன்று நாளைக்கு முந்தி.

அசன் மைதீனோடு போய்ச் சேர்ந்தபோது தெருவில் இன்னும் நாலு வீட்டில் படுத்திருந்தார்கள். அதில் ஒன்று காஜா முகைதீன் வீடு. அவர் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"பாத்துக்கு நேத்து அந்தியிலேருந்து" என்றார். "நிக்கல."

"கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டு..."

"கொடுக்கோம். தங்கல."

குற்றாலலிங்கம் மறுபடி கயிறு விட்டுத் தண்ணீரை அளந்தார். கணக்கைத் திரும்பப் போட்டார். அளவு சரியாகத்தான் இருந்தது. ஒரு சீசாவில் கேணித் தண்ணீரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். முதுகுக்குப் பின்னால் யாரோ காறித் துப்பினார்கள். அது தனக்குத்தானா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் கஞ்சித் தெளிவை எடுத்து அயோடின் உப்பைப் போட்டுக் கேணித் தண்ணீரை விட்டார். பொடியில் வீரியம் இருந்தால் அது நீலமாக வேண்டும். கஞ்சி கஞ்சியாகவே இருந்தது. மூன்று நாளில் தண்ணீரில் வீரியம் கரைந்திருக்கலாம் என்று ஜாடியிலிருந்து பொடியையே ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார். வெள்ளை. ஒரு கரண்டி போட்டார். வெள்ளை. அடுத்த ஜாடி, அதற்கடுத்த ஜாடி. எதிலும் நீலம் இல்லை.

பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தார். மாவு மாதிரி உலர்ந்திருந்தது. அவர் பூட்டி வைத்த பொடி இப்படி உலர்ந்த பொடி அல்ல. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டிப் பிசுபிசுக்கும் சரக்கு அது.

"அக்கா."

சொர்ணாம்பாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கணவன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். கோமுவும் போன பிறகு வீடே அவள் கையில்தான்.

"இந்த ஜாடியைத் தெறந்தியா?"

"தெறக்காம? நீ தெராவகம் தேடித் தூத்துக்குடிக்குப் போயிருந்தேல்லா, அப்பதான். பின்னறைக்குள்ள கால் வைக்க முடியல, கண்ணு எரியுது. தெறந்து பாத்தா கட்டி கட்டியாப் பிசுபிசுன்னு கெடக்கு. பங்குனி வெயிலைச் சும்மா விடுவாளா ஒருத்தி? புளி, வத்தல், பருப்பு எல்லாம் காயப்போட்டேன். அதோட இதையும் முத்தத்துல பாய் விரிச்சு மூணு நாள் நல்லாக் காய விட்டேன். சலிச்சு ஜாடியில போட்டு வாயில துணி வேடு கட்டி வச்சிருக்கேன். இப்ப வாடை உண்டா சொல்லு?"

அவள் முகத்தில் வேலையைச் சரியாகச் செய்து முடித்தவளின் தெளிவு இருந்தது. அவர் அந்த முகத்தைப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பொடியோடு வாழ்கிறார். வெயிலும் காற்றும் பட்டால் அதன் உயிர் போய்விடும் என்று இந்த வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

"வாடை இல்லக்கா" என்றார்.

"பின்ன?" என்று அவள் உள்ளே போனாள்.

தூத்துக்குடியில் மூன்று நாள் அலைந்ததற்கு அரை ஜாடித் திராவகம் கிடைத்திருந்தது. ஒரு தடவை காய்ச்சத்தான் போதும். வண்டி பிடித்து அதைக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். பூட்டைத் திறந்தார். உதவிக்கு ஆள் கூப்பிடவில்லை; கூப்பிட்டால் வந்திருக்கவும் மாட்டார்கள். குங்கிலியம் காய்ச்சி மூட்டுப் பூசி அது இறுக ஒரு நாள் வேண்டும். ஒரு நாள் கிடையாது. ஈரக் களிமண்ணை அப்பி அடைத்துவிட்டுத் தீ மூட்டினார். ஐந்தாம் உறையில் கசிந்தது. வாடை தெரியாத மூக்கு. ஆனால் நெஞ்சுக்குத் தெரிந்தது. ஈரத்துணியை வாயில் கட்டிக்கொண்டு களிமண்ணை அப்பினார். வெளியே ஓடி இருமினார். திரும்ப உள்ளே போய் அப்பினார். சாயங்காலம் தொடங்கிய காய்ச்சும் வேலை மறுநாள் விடிந்த பிறகுதான் முடிந்தது. ஒரு சிட்டிகை எடுத்துக் கஞ்சித் தெளிவில் போட்டார். மை கொட்டியது போல நீலம் பரவியது. அவர் தரையில் உட்கார்ந்தார். எச்சிலில் ரத்தம் இருந்தது.

இரண்டு ஜாடி தேறியது. ஒன்றைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு நடந்தார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். அன்றைக்குப் போட்டது செத்த பொடி. என் வீட்டில் நடந்த தப்பு. இது நல்ல பொடி. மூன்று வாக்கியம். சிறியவைதான்.

தெருவில் கேணியின் வாயைக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு மூடியிருந்தார்கள். குடங்கள் வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தன. மேலே இரண்டு தெருக்காரர்கள் பேதித் துணியை அலசும் வாய்க்கால் அது.

ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னால் காஜா முகைதீன். கைகளில் மண் ஒட்டியிருந்தது. யாரை அடக்கம் செய்துவிட்டு வருகிறார்கள் என்று குற்றாலலிங்கம் கேட்க வேண்டியிருக்கவில்லை. பக்கக் கதவு சாத்தியிருந்தது.

"எடுத்துட்டு வந்துட்டான் பாரு மறுபடி" என்று ஒருவன் பாய்ந்தான். அசன் மைதீன் அவனைப் பிடித்துக்கொண்டான்.

காஜா முகைதீன் கிட்டே வந்தார். குரல் உயரவில்லை.

"ஒண்ணு கேக்கேன். நெஞ்சுல கை வச்சுச் சொல்லும். அன்னைக்குப் போட்டது நல்ல பொடிதானா?"

எல்லாரும் நின்றார்கள். தயாராக வைத்திருந்த மூன்று வாக்கியமும் குற்றாலலிங்கத்தின் தொண்டை வரை வந்தன. சொன்னால் இந்த ஜாடி கேணிக்குள் இறங்காது. குடங்கள் வாய்க்காலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு பெண் நிரம்பிய குடத்தோடு அந்தப் பக்கமாகக் கடந்து போனாள்.

"நல்ல பொடிதான் அண்ணாச்சி" என்றார். "அளவு பத்தல. தண்ணி ஊறிக்கிட்டே இருக்கு. இன்னொரு தடவை போட்டா நிக்கும்."

காஜா முகைதீன் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து தன் கையால் முள்ளை இழுத்து அப்பால் போட்டார்.

"போடும்."

இந்தத் தடவை கேணியிலிருந்து கிளம்பிய நெடியில் முன்னால் நின்றவர்கள் இருமிக்கொண்டு விலகினார்கள். அசன் மைதீன் மூக்கைப் பொத்தினான்.

"இப்ப நாறுதே. அன்னைக்கு இல்லையே?"

"கூடப் போட்டிருக்கு" என்றார் குற்றாலலிங்கம். இரண்டாவது பொய் சுலபமாக வந்தது.

அவர் தினமும் காலையில் போய்க் கஞ்சித் தெளிவில் சோதித்து, வேண்டிய அளவு போட்டு வந்தார். முன்பே படுத்தவர்களில் இன்னும் ஏழு பேர் போனார்கள். புதிதாக யாரும் படுக்கவில்லை. ஆறாம் நாள் தெருவில் தறிச் சத்தம் கேட்டது. மொத்தம் ஒன்பது சாவு. பக்கத்துத் தெருக்களில் முப்பதைத் தாண்டியிருந்தது. அத்திமரத் தெருப் பொடி என்று மேலப்பாளையம் முழுக்கப் பேச்சானது.

பத்தாம் நாள் மத்தியானம் காஜா முகைதீன் கொக்கிரகுளத்துக்கு வந்தார். குற்றாலலிங்கம் நாற்காலியில் கிடந்தார். நாலு வார்த்தை பேசினால் இருமல் வந்தது.

"கீழத்தெருவுல கேக்காங்க" என்றார் காஜா முகைதீன். "அங்க இன்னும் நோவு வரல. வருமுன்ன போட்டுக்கிடுதோம்ங்காங்க. உம்மகிட்ட மிச்சம் இருக்கா?"

"ஒரு ஜாடி இருக்கு."

"நான்தான் அவங்ககிட்டப் பேசினேன். பாத்து போனதுக்கு நீரு என்ன செய்வீரு? பொடி நல்ல பொடி, அளவுதான் கொஞ்சம் கொறஞ்சுபோச்சுன்னு சொன்னேன். ஆனா அந்த நெடியைக் கேள்விப்பட்டுப் பொம்பளைங்க பயப்படுதாங்க."

சொர்ணாம்பாள் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"அதுக்கு ஏன் அண்ணாச்சி பயப்படணும்? மூணு நாள் வெயில்ல பரத்திப் போடச் சொல்லுங்க. மொதத் தடவை நான் அப்படித்தான் காயவச்சு அனுப்பினேன். வாடை இருந்துதா, கேட்டுப் பாருங்க."

"அட, ஆமா தாயி" என்றார் காஜா முகைதீன். "அன்னைக்கு வாடையே இல்ல. அப்படியே செய்யச் சொல்லுதேன்."

"வேண்டாம்" என்றார் குற்றாலலிங்கம். "நேரம் இல்ல. அப்படியே போடட்டும்."

"மூணு நாள்தானே பிள்ளைவாள். அங்க இன்னும் ஒருத்தரும் படுக்கல."

"காயப்போடக் கூடாது அண்ணாச்சி."

"ஏன்?"

இருமல் வந்தது. அது முடியும் வரை காஜா முகைதீன் மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வெயில் பட்டா பொடி செத்துரும். சுண்ணாம்பு மட்டும்தான் மிஞ்சும்."

முற்றத்தில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு காகம் பாயின் ஓரம் வந்து உட்கார்ந்தது. சொர்ணாம்பாள் அதை விரட்டவில்லை.

காஜா முகைதீன் செம்பைக் கீழே வைத்தார்.

"அப்ப அன்னைக்குப் போட்டது?"

"செத்த பொடி."

"பாத்து குடிச்சது?"

"அந்தத் தண்ணிதான்."

"உமக்கு எப்பத் தெரியும்?"

"அவங்க அடக்கத்துக்கு முந்தின நாளு."

"நான் நெஞ்சுல கை வச்சுச் சொல்லும்னு கேட்டேனே, அப்ப?"

"தெரியும்."

தாடியைத் தடவிக்கொண்டிருந்த காஜா முகைதீனின் கை ஒரு இடத்தில் நின்றுவிட்டது.

"நீரு நெசத்தைச் சொல்லியிருந்தா நான் கேணியைத் தொட விட்டிருக்க மாட்டேன்" என்றார் கடைசியில். "மிச்சமுள்ளவங்களும் போயிருப்பாங்க. அது எனக்குப் புரியாம இல்ல. ஆனா இனிமே உம்ம மூஞ்சியை என்னால பாக்க முடியாதுவே."

எழுந்து, குற்றாலலிங்கம் காட்டிய பின்னறைக்குப் போய்ப் புது ஜாடியைத் தானே தூக்கி வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, வெயில் படாதபடி ஜாடியைச் சுற்றிக் கட்டினார்.

"கீழத்தெருவுக்கு நீரு வர வேண்டாம். அளவை மட்டும் சொல்லும்."

குற்றாலலிங்கம் சொன்னார். ஒரு பாக ஆழத் தண்ணீருக்கு எவ்வளவு, கயிறு விட்டு எப்படி அளப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது. காஜா முகைதீன் அதை ஒரு தடவை திருப்பிச் சொன்னார். தப்பு இருந்த இடத்தைக் கேட்டுத் திருத்திக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். பிறகு போய்விட்டார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

சொர்ணாம்பாள் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"எத்தனை பேருலே?"

"நான் உங்கிட்டச் சொல்லி வச்சிருக்கணும்க்கா. தப்பு என்னோடது."

"எத்தனை பேருன்னு கேட்டேன்."

"ஒம்பது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"பேரைச் சொல்லு."

குற்றாலலிங்கம் உதுமானிலிருந்து ஆரம்பித்தார். அவள் ஒவ்வொரு பெயருக்கும் தலையை அசைத்துக்கொண்டு வந்தாள். ஏழு பேரோடு அவர் நின்றுவிட்டார். மற்ற இரண்டு பேரின் பெயர் அவருக்குத் தெரியாது.